மூன்றாம் வாசலில் சிவபாதம்

செய்தி வந்தபோது நான் கொட்டாஞ்சேனை வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் நுரை. தொலைபேசியில் நிசாம் நானா. "சந்திரன் சேர், நம்ம சிவபாதம் சேர் மௌத்தாகிட்டார். விடியக்காலையில," என்றார். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, எரிச்சல். வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்காக அந்த மனிதரின் வாயை அடைக்கிற மாதிரி ஒரு பதில் வைத்திருந்தேன். இரண்டு கிழமையாக யோசித்து எடுத்த பதில். அதைக் கேட்காமலே ஆள் போய்விட்டார். மற்றப் பாதி முகத்தையும் வழித்து முடித்துவிட்டுத்தான் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன்.

முப்பத்தோராம் நாள் வெளியிடும் இந்த நினைவு மலரில் எழுதுகிற மற்றவர்கள் அவரைப் பொறுமைசாலி, பண்பாளர், எல்லோருக்கும் நல்லவர் என்று எழுதியிருப்பார்கள். அவரைத் தெரிந்த உங்களுக்கு அது பொய் என்று தெரியும். சிவபாதம் முரடர். வாதம் என்று வந்தால் மரியாதை தெரியாதவர். முப்பது வருடம் நெருங்க எனக்கும் அவருக்கும் ஆகாது. பிறகு ஏன் என்னிடம் எழுதக் கேட்டார்கள் என்று நானும் அவர் மனைவி பத்மா அக்காவைக் கேட்டேன். "அவர்தான் சொல்லிவைச்சவர், தம்பி. 'சந்திரனைக் கேளும், அவன் என்னைப் பொய்யாய்ப் புகழமாட்டான்' எண்டு," என்றார். செத்த பிறகும் எனக்கு வேலை வைக்கிற குணம் அவருக்கு.

எங்களுக்குள் சண்டை எதைப் பற்றி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காணிப் பிரச்சினை அல்ல, அரசியலும் அல்ல. ஒரு கார்ட்டூன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பின்னேரங்களில், சிங்களக் குரல் கொடுத்துத் தொலைக்காட்சியில் போன ஒரு சிறுவர் தொடர். ஏழு வாசல்கள் உள்ள ஒரு நகரம். அதில் ஒரு சின்னப் பெட்டை. அவள் வாசற்கதவில் சோக்கட்டியால் வட்டம் போட்டால் சில நேரம் கதவு திறக்கும், சில நேரம் திறக்காது. ஏன் திறக்கிறது, ஏன் திறக்கவில்லை என்று தொடரில் யாரும் சொல்லவே இல்லை. எங்கேயாவது குண்டு வெடித்த நாளில் செய்தி நீளும், தொடர் போகாது. ஆகவே இடையிடையே ஓட்டையும் இருந்தது. வெள்ளவத்தையில் வீடியோக் கடை வைத்திருந்த நிசாம் நானா தன் பிள்ளைகளுக்காக அதை டேப்பில் பதிந்துவைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்கள் பிள்ளைகள் அல்ல, நாங்கள் ஐந்து வளர்ந்த மனிதர்கள். அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழன் ஞாயிற்றுக்கிழமை வெளியே சுற்றித் திரிய முடியாது. வேறென்ன செய்வது?

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் எழுதுவினைஞர். சிவபாதம் கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடக் கம்பனியில் படவரைஞர். என்னுடைய விளக்கம் எளிமையானது: மந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தப் பெட்டை ஒரு ஞாபகத்தை இழக்கிறாள். முதல் கதவுக்குப் பிறகு குடையை மறந்தாள். இரண்டாவதுக்குப் பிறகு நாயின் பெயரை மறந்தாள். இழக்க மனம் வராத நாளில் கதவு திறக்காது. கண் உள்ளவனுக்குத் தெரிகிற விஷயம். சிவபாதம் ஒத்துக்கொள்ளவில்லை. "அது மறதி, காணும். பிள்ளையள் குடையை மறக்கிறதுக்கு மந்திரம் வேணுமே? மூண்டாம் வாசலுக்குப் பிறகு என்னத்தை மறந்தவள், சொல்லும்?" என்றார். அவருடைய விளக்கம்: மந்திரத்தை நம்பாத ஒருவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் கதவு திறக்கும். வாசல் காவலாளி திரும்பி நின்றால் திறக்காது. சிநேகிதர்கள் மட்டும் பார்த்தால் திறக்காது. முறைத்துப் பார்க்கிற, நம்பாத ஒரு கண் வேண்டும்.

அதை நிரூபிக்க அவர் செய்த அட்டகாசம் கொஞ்சமல்ல. கதவு திறக்கிற இடத்தில் டேப்பை நிறுத்துவார். தொலைக்காட்சிப் பெட்டியில் மூக்கு முட்டக் குனிந்து, காவலாளியின் கண் எந்தப் பக்கம் என்று பார்ப்பார். மதிலில் செங்கல் எண்ணுவார். "சேர், நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்க்க வாணாம், டேப் கிழிஞ்சிடும்," என்று நிசாம் நானா கெஞ்சுவார். சிவபாதத்துக்குக் காது கேட்காது. எண்ணிய செங்கல்லை வைத்து ஏழு வாசலுக்கும் வரைபடம் போட்டார். மதிலின் தடிப்பு, காவலாளி நிற்கும் இடம், அவன் பார்வை விழும் கோணம், மூலையில் அளவுத்திட்டம், வடக்கைக் காட்டும் அம்புக்குறி. கார்ட்டூன் நகரத்துக்கு வடக்கு எங்கே என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

ஒரு ஞாயிறு நான் எல்லோருக்கும் முன்னால் அவருடைய விளக்கத்தை நக்கலடித்தேன். "சிவபாதத்தார் சொல்லுறபடி பாத்தால், ஆராவது முறைச்சால் கதவு திறக்கும். அப்ப என்ரை மனிசி எங்கடை வீட்டுக் கதவை ஒரு நாளும் பூட்டேலாது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கையிலிருந்த பேனையைச் சுவரில் எறிந்தார். "நான் சொன்னதை நீர் சொல்லேல்லை. நீரே ஒரு விசர்க்கதை சொல்லி, அதுக்கு நீரே சிரிக்கிறீர்," என்றார். அடுத்த கிழமை தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியுடன் வந்தார். கூடவே ஒரு சட்டமும் கொண்டுவந்தார். கொப்பி கிழமைக்கு ஒருவர் வீட்டுக்குப் போகும். எழுதுகிறவர் முதலில் "எதிராளி சொல்வது" என்று தலைப்புப் போட்டு, எதிராளியின் வாதத்தை எதிராளியின் வாயால் வருகிற மாதிரியே எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் "நான் சொல்வது." "எதிராளி வாசிச்சுப்போட்டு, 'ஓம், இதுதான்' எண்டு சொல்ல வேணும். அதுவரைக்கும் உம்முடைய கதை ஒருத்தருக்கும் வேண்டாம்," என்பார். இந்த ஒரு வாக்கியத்தை நான் அவரிடம் நூறு தடவை கேட்டிருப்பேன். என் பக்கங்களைப் பார்த்து அவர் "ஓம், இதுதான்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சிவப்பு மையால் திருத்துவார், திரும்ப எழுதச் சொல்வார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவேன்.

நம்பாத கண் என்ற அந்த விளக்கம் அவருக்கு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்கு ஒரு நாள் பஸ்ஸில்தான் விளங்கியது. சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அப்போதும் இந்த மனிதர் வாதத்தை விடவில்லை. முன்னால் நின்ற ஆமிக்காரன் எங்களையே பார்த்தான். "இஞ்சை பாரும், ஐசே. இவன் எங்களை நம்பேல்லை. கண்வெட்டாமல் பாக்கிறான். நான் மந்திரக்காரன் எண்டால் இப்ப திறக்கும்," என்று சிரித்தார். வாயை மூடும் என்றேன். தமிழில் இன்னும் சத்தமாகக் கதைத்துச் சிரித்தார். அன்றைக்கு அவரை அடிக்காமல் விட்டது என் பொறுமை.

இனி எழுதப்போவதை உங்களில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. அச்சுக்குப் போகுமுன் பத்மா அக்கா வாசிப்பார். வாசிக்கட்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை, கொப்பியை அலுவலகப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மத்தியான இடைவேளையில் மிச்சத்தை எழுதி முடிக்கும் யோசனை. புறக்கோட்டைக்குக் கிட்ட ஒரு சாவடியில் பையைத் திறந்து பார்த்தார்கள். முதலில் வந்தது சிவபாதத்தின் வரைபடம். ஏழு வாசல், காவலாளிகள், கோணங்கள், அளவுத்திட்டம். அடுத்த பக்கத்தில், என் கையெழுத்தில், தமிழில்: "மூன்றாம் வாசலில் காவலாளிகள் இரண்டு பேர். அவர்கள் திரும்பி நிற்கும்போது போனால் காரியம் நடக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே போக வேண்டும்." குண்டு வெடித்துச் சனம் செத்துக்கொண்டிருந்த ஊரில், ஒரு தமிழனின் பையில் இப்படி ஒரு கொப்பி. பிழை யாருடையது? அவருடைய சட்டமும் என் மொக்குத்தனமும் சேர்ந்த பிழை. அரை மணித்தியாலத்தில் நான் பொலிஸ் நிலையத்தில் இருந்தேன்.

தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் வரிவரியாக மொழிபெயர்க்க, பொறுப்பதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சிங்களத்தில் கேட்டார், "எழுதியது யார்?"

"நான்தான், சேர். ஆனால் இது என் கருத்து இல்லை."

"உன் கையெழுத்து. உன் கருத்து இல்லையா?"

"இல்லை, சேர். நான் அதற்கு எதிர். எங்கள் முறைப்படி எதிராளியின் கருத்தை முதலில் எழுத வேண்டும்."

சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, உலகத்தில் ஒருவனும் இதை நம்பமாட்டான் என்று. அவர் கோபப்படவில்லை. பேனையை எடுத்துக்கொண்டு, "அப்படியானால் இது யாருடைய கருத்து?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். என்னை யாரும் அடிக்கவில்லை. யாரும் வெருட்டவில்லை. இரண்டாம் முறை கேட்கவும் இல்லை. முதல் கேள்விக்கே சிவபாதம் என்று சொன்னேன். கேட்காமலே அவர் வீட்டு ஒழுங்கையின் பெயரைச் சொன்னேன், எத்தனையாம் மாடி என்றும் சொன்னேன், கொள்ளுப்பிட்டி அலுவலகத்தையும் சொன்னேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு அவரைக் கொண்டுவந்தார்கள். அலுவலகச் சட்டை, பையில் பென்சில். என்னைப் பார்த்தார். பொறுப்பதிகாரி கொப்பியை நீட்டி, இது உன் கருத்தா என்று கேட்டார். சிவபாதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் ஆறுதலாக வாசித்தார். "கருத்து என்னுடையது, சேர்," என்றார் நல்ல சிங்களத்தில். "ஆனால் இவர் பிழையாக எழுதியிருக்கிறார். காவலாளி பார்த்தால் மட்டும் போதாது. அவன் நம்பாமல் பார்க்க வேண்டும். அந்தச் சொல்லை விட்டுவிட்டார்." பொக்கற்றிலிருந்து பென்சிலை எடுத்து அந்த இடத்திலேயே திருத்தினார். எனக்கு உயிர் போகிற பயத்திலும் பத்திக்கொண்டு வந்தது.

பிறகு அவர் அவர்களுக்கு முழுத் தொடரையும் விளக்கினார். பக்கத்து மேசையில் இருந்த சார்ஜன்டின் பிள்ளைகளும் அதைப் பார்க்கிறவர்களாம். "இல்லை, அந்தப் பெண் குடையை மறக்கிறாளே? அதுதான் காரணம். என் மகளும் அப்படித்தான் சொல்கிறாள்," என்றார் சார்ஜன்ட். என் விளக்கம்! சிவபாதம் விடுவாரா? தன்னைப் பிடித்துவைத்திருக்கிற பொலிஸ்காரருடன் அரை மணித்தியாலம் வாதாடினார். ஒரு கட்டத்தில் என்னைக் காட்டி, "இந்த ஆளுக்கு ஒரு கார்ட்டூனையே ஒழுங்காக விளங்கிக்கொள்ள முடியவில்லை, சேர். இவரிடம் யாராவது ஒரு வேலையை நம்பிக் கொடுப்பார்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று இருட்டுமுன் என்னை விட்டார்கள். வரைபடம் போட்ட கையை விடவில்லை. அவரைப் பதினேழு நாட்கள் வைத்திருந்தார்கள். நடுவில் வேறொரு இடத்துக்கு மாற்றினார்களாம்.

அந்தப் பதினேழு நாட்களும் நான் காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்குள் கிடந்தேன். பத்மா அக்கா ஒவ்வொரு நிலையமாக ஏறி இறங்கினார். துணைக்குப் போனது நிசாம் நானா.

வெளியே வந்தபோது கொள்ளுப்பிட்டிக் கம்பனி அவரைத் திரும்ப எடுக்கவில்லை. அதற்குப் பிறகு கடைசிவரை வீட்டிலிருந்தே ஆட்களுக்கு வீட்டுப்படம் கீறிக் கொடுத்துத்தான் குடும்பத்தை நடத்தினார். உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது இதுதான். வெளியே வந்த முதல் ஞாயிறு அவர் கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார். நிசாம் நானா கேட்டார், "சேர்ர பேர் அவனுகளுக்கு எப்பிடிக் கிடைச்சுது?" நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "படத்தின்ரை மூலையிலை என்ரை பேர் இருந்தது. படம் கீறுறவன்ரை பழக்கம்," என்றார் சிவபாதம். அந்தப் படத்தில் அவருடைய பெயர் இல்லை. என்னைவிட நன்றாக அது அவருக்குத் தெரியும்.

நான் மூன்று தரம் அவரிடம் அதைப் பற்றிக் கதைக்கப் போனேன். முதல் தரம், "அதை விடும். மூண்டாம் வாசலுக்குப் பதில் எழுதினீரோ?" என்றார். இரண்டாம் தரமும் அதே. மூன்றாம் தரம் நான் வாயைத் திறக்குமுன்பே, "உம்முடைய மண்டைக்குள்ளை களிமண் எண்டு எனக்கு எப்பவோ தெரியும், சந்திரன். வேறை என்ன புதினம்?" என்றார். மன்னிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல், கிழமைக்குக் கிழமை என் விளக்கத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் அவரை வெறுத்தேன். உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. உண்மையாகவே வெறுத்தேன். ஆனாலும் ஒரு ஞாயிறும் தவறாமல் போனேன்.

தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். யுத்தம் முடிந்தது. வீடியோக் கடை போனுக்கு உறை விற்கிற கடையாயிற்று. ஐந்து பேரில் இரண்டு பேர் வெளிநாடு போனார்கள். பொலிஸ் எடுத்த கொப்பி திரும்பி வராததால் சிவபாதம் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். அதே சட்டத்தோடு அது வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முறை நான் இணையத்தில் தேடி, அந்தத் தொடரை வரைந்தவர்களே அந்த மந்திரத்துக்கு ஒரு விதியும் யோசிக்கவில்லையாம் என்று அவருக்குச் சொன்னேன். "கீறினவனுக்கு என்ன தெரியும்? பாத்தவனைக் கேளும்," என்றார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து ஆட்கள் கலையுமுன் பத்மா அக்கா அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். "உங்களுக்கெண்டு எடுத்து வைச்சவர்," என்றார். கடைசியாக அது அவருடைய முறைக்கு அவர் வீட்டில் இருந்தது. அவர்கள் வீட்டுக் கதிரையிலேயே உட்கார்ந்து திறந்தேன்.

"எதிராளி சொல்வது" என்ற தலைப்பு, அடியில் அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு. கீழே அவருடைய படவரைஞர் எழுத்தில், நான் எழுதுவதுபோல எழுதியிருந்தார்:

"அன்று காலையிலிருந்து எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. கேட்கப் பயமாக இருந்தது. சுவர்ப் பக்கம் இருந்த வாங்கில் உட்காரவைத்தார்கள். உள்ளே யாரோ ஒருவன் கத்தினான், பிறகு கத்தவில்லை. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். பொறுப்பதிகாரி கோபப்பட்டிருந்தால் எனக்கும் ரோசம் வந்திருக்கும். அவர் மரியாதையாகக் கேட்டார். சிவபாதம் வாய்க்காரன், எப்படியும் கதைத்துத் தப்புவான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது பாதி உண்மை. மற்றப் பாதி, அவனை எனக்குப் பிடிக்காது. சொன்னேன். சொன்ன பிறகு, கேட்காததையும் சொன்னேன், ஏனென்றால் நிறுத்தினால் திரும்பவும் பயம் வரும்."

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, என் மனைவிக்குக்கூட. அந்த வாங்கில் பிறகு அவரும் இருந்திருப்பார், அவரும் அந்தச் சுவரைப் பார்த்திருப்பார். மிச்சத்தை யோசித்து எழுதியிருக்கிறார். ஒரு சொல் பிழையில்லை. நிறைந்த வீட்டில், எல்லோரும் பார்க்க, "ஓம், இதுதான்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பத்மா அக்கா திரும்பிப் பார்த்தார்.

அடுத்த பக்கத்தில் "நான் சொல்வது" என்று தலைப்பு இருந்தது. அதே கோடு. கீழே ஒன்றும் இல்லை.

எழுத முடியாமல் போனதா, எழுத மனமில்லாமல் விட்டாரா, எனக்குத் தெரியாது. எனக்கு ஆத்திரம் வந்தது. முப்பது வருடமாக என்னிடம் ஒரு பக்கத்தையும் அரைகுறையாக ஏற்காத மனிதர், தன் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போவதா? கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவருக்காக நானே அதை நிரப்பப் பார்த்தேன். சட்டம் அதுதானே, எதிராளியின் கதையை எதிராளி ஒத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். "அவர்கள் என்னைப் பதினேழு நாட்கள் வைத்திருந்தார்கள்" என்று எழுதினேன். அதற்குமேல் பேனை ஓடவில்லை. பத்மா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, உள்ளே என்ன நடந்தது என்று அவர் எப்போதாவது சொன்னாரா என்று கேட்டேன். "எனக்குச் சொன்னதில்லை, தம்பி. உங்களுக்குச் சொல்லியிருப்பார் எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கொப்பி. மந்திரத்தைப் பற்றி அவர் சொன்னது பிழை என்று இன்றைக்கும் சொல்வேன். மூன்றாம் வாசலுக்கு நான் வைத்திருந்த பதிலும் கையில் இருக்கிறது. ஆனால் சட்டப்படி முதலில் எதிராளி சொல்வதை எழுத வேண்டும். எத்தனை வருடம், எத்தனை ஞாயிறு, முழங்கால் முட்ட எதிரெதிரே இருந்தோம். அந்தப் பதினேழு நாட்களில் என்ன நடந்தது என்று அவரிடம் நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரிதான் இருக்கிறது, இரண்டாவது வரி எனக்குத் தெரியாது.